கிளை நூலகத்துல கோடை முகாம்: 30 பசங்க, ஒரே ஹால், 10 நாள். என்னென்ன பண்ணலாம்?

பச்சமலை (கோபி)

வணக்கமுங்க. எங்க பக்கத்துக் கிளை நூலகத்துல மே மாசம் 10 நாள் குழந்தைகளுக்கு முகாம் நடத்தலாம்னு வாசகர் வட்டத்துல பேசியிருக்கோம். விவரம் இதுதான்: ஒரே ஹால், 20க்கு 30 அடி. மேல சிமெண்ட் அட்டை. ஃபேன் 4. நூலகர் ஒருத்தர். ஒத்தாசைக்குக் காலேஜ் பசங்க 3 பேர் வர்றாங்க. 8 வயசுல இருந்து 14 வரைக்கும் 30 பேர். தனியா நிதி ஒண்ணும் கிடையாது.

ஓவியப் போட்டியும் மாறுவேடமும் எல்லாரும் பண்றதுதான். அதை விட்டுட்டு, நூலகத்துக்குன்னே பொருந்தற மாதிரி என்ன பண்ணலாம்? அனுமதி, நேரம், பொருள் எவ்வளவு, எங்க சொதப்பும், எல்லாமே சொல்லுங்க.

பழைய அலமாரி (கோவை, ஓய்வு பெற்ற நூலகர்)

முதலில் அனுமதி. வாசகர் வட்டத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம், உங்கள் நூலகர் வழியாக ஈரோடு மாவட்ட நூலக அலுவலருக்குப் போக வேண்டும். நேரில் பேசி முடித்துவிட்டோம் என்று விட்டுவிடாதீர்கள். நடுவில் நூலகர் மாறுதலானால் வாய்மொழி அனுமதியும் அவரோடு போய்விடும். கடிதத்தில் ஐந்து செய்திகள் இருந்தால் போதும்: தேதி, நேரம், வயது வரம்பு, உடனிருக்கும் பெரியவர்களின் பெயர்கள், கட்டணம் கிடையாது என்ற உறுதி. வாசகர்கள் நாளிதழ் படிக்கும் நேரத்துக்கு இடைஞ்சல் வராது என்று ஒரு வரி சேர்த்தால் கேள்வியே வராது.

அடுத்தது பணம். உண்டியல் வைக்காதீர்கள், கைக்காசும் வாங்காதீர்கள். கடைக்காரர்களிடம் பொருளாகக் கேளுங்கள். ஒருவர் 2 ரீம் தாள், இன்னொருவர் கத்தரிக்கோல், மற்றொருவர் மோர். பணமாகத்தான் தருவேன் என்பவர் 1000 ரூபாய் செலுத்தி நூலகப் புரவலராகச் சேரட்டும். ரசீது உண்டு, பெயர்ப் பலகையில் பெயரும் வரும். ஆனால் அந்தத் தொகை நூலகக் கணக்குக்குப் போவது, முகாம் செலவுக்கு அல்ல. இரண்டையும் கலந்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வது நூலகர்தான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் 1948லேயே வந்துவிட்டது. ஊரார் கட்டும் சொத்து வரியோடு சேர்ந்து வரும் நூலக வரியில்தான் இந்தக் கட்டடங்கள் நடக்கின்றன. ‘ஓசியில் இடம் கொடுத்திருக்கிறார்கள்’ என்று பெற்றோர் நினைத்தால் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். உறுப்பினர் படிவத்தை முதல் நாளே நிரப்பி வாங்குங்கள். கடைசி நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கூட்டமும் போட்டோவுமாகப் பொழுது போய், ஒரு பிள்ளையும் அட்டை வாங்காது. இரண்டாம் நாள் முடிந்து வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் இரவல் புத்தகம் இருக்க வேண்டும். முகாம் நன்றாக நடந்ததா என்பதை ஜூன் மாத இரவல் பதிவேட்டில்தான் பார்க்க முடியும், மே மாத வருகைப் பதிவேட்டில் அல்ல.

காவிரிக்கரை (ஈரோடு)

ஐயா சொன்ன மூணாவதை அப்படியே எடுத்துக்குங்க. நான் நேரத்தைப் பத்திச் சொல்றேன்.

பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால 10 நாள் முகாம்னா காலண்டர்ல 11, 12 நாள் ஆகும். நோட்டீஸ்ல தேதிகளை ஒவ்வொண்ணாப் போடுங்க. ‘மே 5 முதல் 16 வரை’ன்னு மட்டும் போட்டா வெள்ளிக்கிழமை பொடுசுக வந்து பூட்டுன கதவைப் பார்த்துட்டுப் போகும், மறுநாள் பாதிப் பேர் வரமாட்டாங்க.

நோம்பி (கோயில் திருவிழா) பாருங்க. சித்திரை, வைகாசியில எந்த ஊர்ல எப்ப சாட்டியிருக்காங்கன்னு கேட்டுட்டுத் தேதி குறிங்க. கம்பம் நட்டுட்டா சாயங்காலம் ஆட்டம், மறுநாள் காலையில பசங்க தூக்கம். மாவிளக்கு அன்னிக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க.

நேரம் காலையில 9:30ல இருந்து 12. சிமெண்ட் அட்டைக்குக் கீழ மத்தியானம் 2 மணிக்கு உக்கார முடியாது. வெயில் தாழ 4 மணிக்கு வைக்கலாம்னு தோணும், ஆனா நம்ம பக்கம் கோடை மழை இடி மின்னலோட வர்றது பெரும்பாலும் அந்த நேரத்துலதான். கரண்ட் போகும், அட்டை மேல மழை விழற சத்தத்துல கதை சொல்றது யார் காதுலயும் விழாது.

30 பேரை ஒண்ணா உக்கார வைக்காதீங்க. மூணு குழு, குழுவுக்கு 10 பேர், ஒரு பெரியவர். வயசை வெச்சுப் பிரிக்காம வாசிக்கற நிலையை வெச்சுப் பிரிங்க. பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கத்துப் புத்தகங்கள்ல நுழை, நட, ஓடு, பற னு நாலு படி இருக்கு. பக்கத்து அரசுப் பள்ளியில கேட்டா காட்டுவாங்க. முதல் நாள் ஒவ்வொருத்தர்கிட்டயும் 2 நிமிஷம் தனியா உக்காந்து ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேளுங்க. 3 பேர் பிரிச்சுக்கிட்டா 20, 25 நிமிஷத்துல முடியும். 12 வயசுப் பையன் ‘நட’ படியில இருந்தா அவனைச் சின்னப் பசங்களோட உக்கார வைக்க வேண்டாம், கூச்சப்பட்டு மறுநாள் நின்னுடுவான். ‘நீ தம்பிகளுக்குப் படிச்சுக் காட்டணும்’னு அதே படிப் புத்தகத்தைக் கையில குடுங்க. முந்தின நாளே குடுத்துட்டா வீட்ல நாலு தடவை படிச்சுட்டு வருவான். வேலையும் நடக்கும், மரியாதையும் போகாது.

தண்ணி: தலைக்கு அரை லிட்டர்னு 30 பேருக்கு 15 லிட்டர். ஒரு கேன் 20 லிட்டர், சரியாப் போகும். யாருக்காச்சும் தலை சுத்துனா 1 லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணியில 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மட்டமா அளந்து போடுங்க, குவிச்சுப் போட்டா உப்பு ஏறிடும்.

நொய்யல் தெக்கால (திருப்பூர்)

கைவேலைன்னாலே ஐஸ்குச்சி வீடுதான் எல்லா இடத்துலயும். நூலகத்துல பண்ற கைவேலை புத்தகமாத்தானே இருக்கணும்? ரெண்டு சொல்றேன்.

முதல்ல ஒரே தாள்ல 8 பக்கப் புத்தகம். ஏ4 தாளை மூணு தடவை பாதி பாதியா மடிச்சு விரிச்சா 8 கட்டம் தெரியும். இப்ப அகலவாட்டுல, குட்டைப் பக்கம் ரெண்டும் ஒண்ணு சேர்ற மாதிரி, ஒரு தடவை மட்டும் மடிங்க. மடிப்பு இருக்கற பக்கத்துல இருந்து நடுக்கோட்டுல, அடுத்த மடிப்புக்கோடு வரைக்கும் மட்டும் வெட்டுங்க. விரிச்சா தாளோட நடுவுல ஒரு கீறல் இருக்கும். நீளவாட்டுல, நீளப் பக்கம் ரெண்டும் ஒண்ணு சேர்ற மாதிரி மடிச்சு, ரெண்டு முனையையும் உள்பக்கமாத் தள்ளுனா கீறல் வாயைத் திறந்து கூட்டல் குறி மாதிரி நிக்கும். அப்படியே சுத்தி மடிச்சா புத்தகம். பக்கம் ஒண்ணு 7.4க்கு 10.5 செ.மீ. வரும்.

எங்க தப்பும்னா, மடிப்பு இல்லாத பக்கத்துல இருந்து வெட்டிடுவாங்க. 10 பேர்ல 3 பேராச்சும் அப்படித்தான். அதனால வெட்டற இடத்துல பென்சில் கோடு போட்டுக் காட்டுன பிறகுதான் கத்தரிக்கோலைக் கையில குடுக்கணும். சார்ட் பேப்பர் வேண்டாம், மடிப்புல உடையும். சாதா ஜெராக்ஸ் தாளே போதும்.

இதுல ஒரு சௌகரியம், 8 பக்கமும் தாளோட ஒரே பக்கத்துல இருக்கு. எழுதி முடிச்சதும் விரிச்சு வெச்சு ஒரு பக்க ஜெராக்ஸ் எடுத்தா எத்தனை பிரதி வேணும்னாலும் வரும். கறுப்புப் பேனாவுல எழுதச் சொல்லுங்க. பென்சிலும் மஞ்சள் கலரும் ஜெராக்ஸ்ல விழாது.

ரெண்டாவது நூல் தையல், 11 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு. 6 தாளை ஒண்ணுக்குள்ள ஒண்ணா மடிச்சு, முதுகுல நடுவுல ஒண்ணு, மேல கீழ விளிம்புல இருந்து 3 செ.மீ. தள்ளி ஒவ்வொண்ணு, மொத்தம் 3 ஓட்டை குத்தூசியால குத்துங்க. ஊசியாலயே குத்துனா வளைஞ்சுக்கும். நூல் முதுகு நீளத்தைப் போல ரெண்டரை மடங்கு. உள்பக்கம் இருந்து நடு ஓட்டை வழியா வெளிய, மேல் ஓட்டை வழியா உள்ள, நடுவைத் தாண்டிக் கீழ் ஓட்டை வழியா வெளிய, மறுபடி நடு ஓட்டை வழியா உள்ள. இப்ப நூலோட ரெண்டு முனையும் உள்ள இருக்கும், நடுவுல ஒரு நீள நூல் ஓடும். அந்த நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வெச்சு முடிச்சுப் போடணும். ரெண்டும் ஒரே பக்கம் இருந்தா தையல் தளரும். திருப்பூர்ல சும்மா கிடைக்கற பனியன் தையல் நூல் மெலிசு, இழுத்தா தாளை அறுத்துடும். ரெண்டு மூணு இழை சேர்த்து மெழுகுவத்தியில தேச்சுக்குங்க. அட்டைக்கு மேல ஒட்ட கட்டிங் வேஸ்ட் துணி அருமையா இருக்கும்.

பசைக்கு 50 கிராம் மைதா, 300 மில்லி தண்ணி. முதல்ல கொஞ்சம் பச்சைத்தண்ணியில கட்டியில்லாம கரைச்சுட்டு மீதியை ஊத்தி, சின்னத் தீயில கண்ணாடி மாதிரி ஆகற வரைக்கும் கிளறணும். மே மாச வெயிலுக்கு மறுநாளே புளிச்சு நாறும், அன்னன்னிக்குக் காய்ச்சுங்க. பைண்டிங் கடையில பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடுவாங்க. அது விஷம், பசங்க கை வெக்கற பசையில கூடவே கூடாது.

பச்சமலை (கோபி)

ரொம்ப நன்றிங்க. அந்த 8 பக்கத்துல எதை எழுத வைக்கறது? ‘உங்க இஷ்டம்’னு விட்டா எல்லாரும் ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஒரு குடிசை வரைஞ்சு குடுத்துடுவாங்க.

காவிரிக்கரை (ஈரோடு)

வீட்ல இருக்கற பெரியவங்ககிட்ட விடுகதை கேட்டுட்டு வரச் சொல்லுங்க. ஆளுக்கு 3. மறுநாள் 90 வரும், அதுல பாதி ஒரே விடுகதையாத்தான் இருக்கும். ஒரே விடுகதை ரெண்டு வீட்ல வேற வேற வார்த்தையில வந்தா ரெண்டையும் எழுதி வைங்க, அதுதான் சுவாரஸ்யம். முன்பக்கம் விடுகதை, பக்கத்தைத் திருப்புனா விடை. சொன்ன பாட்டி பேரைக் கடைசிப் பக்கத்துல கட்டாயம் போடணும்.

இன்னொண்ணு, ஊர்க் குட்டிப் புத்தகம். ஊர்ல இருக்கற கிணறு, குட்டை, மரம், கோயில் ஆட்டம், பக்கத்துத் தறி. ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள், 3 வரி. ‘எங்க இருக்கு, யாருக்கு எதுக்குப் பயன்படுது, முன்ன எப்படி இருந்துச்சு’ன்னு மூணு கேள்விக்கு மூணு வரி. இப்படிக் கட்டிப் போட்டாத்தான் எழுத்து வரும்.

ஆழியாத்துத் தண்ணி (பொள்ளாச்சி)

அறிவியலுக்கு ஒண்ணு சொல்றேன், செலவே இல்லாதது. நிழல் அளக்கறது.

1 மீட்டர் குச்சி, தூக்குக்குண்டு கட்டி நேரா நட்டிருக்கணும். மட்டமான தரை. 11:50ல இருந்து 12:40 வரைக்கும் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழல் நுனியில சாக்பீஸ் புள்ளி. அளக்கற நாள்ல மட்டும் முகாமை 12 மணிக்கு முடிக்காம அதுவரைக்கும் நீட்டிக்கணும். எந்தப் புள்ளி குச்சிக்கு ரொம்பக் கிட்ட இருக்கோ அதுதான் உச்சி நேரம். எல்லாரும் 12 மணின்னு பந்தயம் கட்டுவாங்க. கோபியில மே நடுவுல அது 12:17 வாக்குல வரும். நம்ம கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஓடுது, கோபி கிட்டத்தட்ட 77.4ல இருக்கு. டிகிரிக்கு 4 நிமிஷம்னு 20 நிமிஷம் பிந்தும், மே மாசத்துல சூரியன் 3, 4 நிமிஷம் முந்தறதைக் கழிச்சா கணக்கு சரியா வரும். சென்னையில இதே உச்சி 12:05க்கே ஆயிடும்.

அடுத்த ஆச்சரியம், நிழல் தெக்கால விழும். மே மாசம் சூரியன் நம்மளைத் தாண்டி வடக்கே போயிருக்கு. மே 5 அன்னிக்கு நிழல் 8 செ.மீ. இருக்கும், 15ஆம் தேதி 13 செ.மீ., மாசக் கடைசியில 18 செ.மீ. முகாம் முதல் நாளும் கடைசி நாளும் அளந்தா வித்தியாசத்தைப் பசங்களே கண்டுபிடிப்பாங்க. குச்சி சாஞ்சிருந்தா மொத்தக் கணக்கும் போச்சு, 1 டிகிரி சாஞ்சாலே ஒன்றே முக்கால் செ.மீ. தப்பு வரும். குழுவுக்கு 5 பேர் மட்டும் வெளிய, மத்தவங்க நிழல்ல. செருப்பு கட்டாயம். சூரியனை நேராப் பாக்கக் கூடாதுன்னு முதல்லயே சொல்லிடுங்க.

நிழலே இல்லாத நாள் கோபிக்கு ஏப்ரல் 19, 20 வாக்குல வந்து போயிடும், அப்பப் பரீட்சை நேரம். மறுபடி ஆகஸ்ட் 22, 23 வாக்குல வரும், 12:23 சுமாருக்கு. மேகம் இல்லாம இருந்தா அதே பசங்களை நூலகத்துக்குக் கூப்பிட அது ஒரு சாக்கு.

இந்த அளவெல்லாம் முடிஞ்ச பிறகு அலமாரியில இருந்து வானியல் புத்தகம் 4 எடுத்து மேசையில வைங்க. துளிர்ங்கற சிறுவர் அறிவியல் பத்திரிகையோட பழைய இதழ் இருந்தா அதையும். அளந்துட்டு வந்த கையோட எடுத்துப் படிப்பாங்க. முன்னாடியே வெச்சா ஒருத்தரும் தொடமாட்டாங்க.

அமராவதி (தாராபுரம்)

பரிசு, சான்றிதழ் என்ன திட்டம்? ‘அதிகப் புத்தகம் படிச்சவருக்குக் கோப்பை’ மட்டும் வெச்சுடாதீங்க.

பச்சமலை (கோபி)

அதைத்தான் வெக்கலாம்னு இருந்தோம். ஏங்க வேண்டாம்?

அமராவதி (தாராபுரம்)

எண்ணிக்கைக்குப் பரிசுன்னா இருக்கறதுலயே மெலிசான புத்தகமாப் பொறுக்கி ஒரு நாளைக்கு 6 எடுப்பாங்க. படத்தைப் புரட்டிட்டுத் திருப்பிக் குடுப்பாங்க. நல்லா வாசிக்கற பொண்ணு 120 பக்க நாவல் ஒண்ணைப் பிடிச்சுட்டு 4 நாளா உக்காந்திருக்கும், அதுக்கு ஒரு மார்க்தான். தடுமாறி வாசிக்கற பசங்க மூணாவது நாளே கைவிட்டுடுவாங்க. நிமிஷக் கணக்கு வைங்க. சின்ன அட்டையில 10 கட்டம், தினம் 20 நிமிஷம் படிச்சா ஒரு சீல். அம்மா படிச்சுக் காட்டுனாலும் சீல் உண்டு. எல்லாக் கட்டமும் நிறைஞ்ச எல்லாருக்கும் ஒரே பரிசு.

பழைய அலமாரி (கோவை, ஓய்வு பெற்ற நூலகர்)

நிமிடக் கணக்கிலும் பொய் எழுதுவார்கள். நூலகத்திலேயே 20 நிமிடம் அமைதி வாசிப்பு வைத்து அங்கேயே சீல் போடுவதுதான் நம்பகமானது. காலையில் வந்தவுடன் வைத்தால் தாமதமாக வரும் பிள்ளைகளாலும் தொந்தரவு இல்லை. பெரியவர்களும் அப்போது செல்போனை வைத்துவிட்டுப் புத்தகம் எடுக்க வேண்டும்.

சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், பெற்றோர் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அதைவிட, பிள்ளைகள் செய்த 8 பக்கப் புத்தகங்களுக்கு ஒரு தட்டு ஒதுக்கி, பெயரோடு அடுக்கி வையுங்கள். தன் புத்தகம் இருக்கிறதா என்று பார்க்கவே அடுத்த மாதம் வருவார்கள்.

நொய்யல் தெக்கால (திருப்பூர்)

விட்டுப்போனது: உங்க ஊர்ல மில், கோழிப்பண்ணைன்னு வடநாட்டுக் குடும்பங்க இருந்தா அந்தப் பசங்களையும் சேருங்க. திருப்பூர்ப் பக்கம் இது பெரிய விஷயம். தமிழ் பேச வரும், படிக்க வராது. எழுத்தே இல்லாத படப் புத்தகம் முதல் ரெண்டு நாளைக்கு. அப்புறம் பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர் தளத்துல ஒரே கதை தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம்னு கிடைக்கும். உரிமம் திறந்தது, இறக்கி அச்செடுத்துக்கலாம். ஒரே கதையை ரெண்டு மொழியில ரெண்டு பேர் மாத்தி மாத்திப் படிச்சா நம்ம பசங்களும் காதைத் தீட்டிக்கிட்டுக் கேப்பாங்க. நோட்டீஸை மில் குடியிருப்புல ஒட்டறதோட நிறுத்தாதீங்க, நேர்ல போய்ச் சொல்லணும்.

அமராவதி (தாராபுரம்)

பசங்க போக, மே மாசம் நூலகத்துல பெரியவங்களுக்கும் ஒரு வேலை இருக்குங்க. +2 ரிசல்ட் வந்ததும் கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பம், இன்ஜினியரிங் கவுன்சலிங் பதிவு எல்லாம் ஒரே நேரத்துல ஓடும். கம்ப்யூட்டர் சென்டர்ல அவசரத்துல தப்பா அடிச்சுடறாங்க. முகாம் முடிஞ்சு மத்தியானம் 12:30ல இருந்து 1:30 வரைக்கும் உங்க காலேஜ் பசங்க ஒருத்தரை உதவி மேசையில உக்கார வைங்க.

விண்ணப்பத்தை நாம அடிக்க வேண்டாம். சரிபார்ப்புப் பட்டியல் மட்டும் போதும். சாதிச் சான்று, வருமானச் சான்று இருக்கா? முதல் பட்டதாரி சான்று வேணுமா? கூடப் பிறந்தவர் அந்தச் சலுகையை வாங்கியிருந்தா இவருக்குக் கிடைக்காது. ஆதார்லயும் மார்க் ஷீட்லயும் பேரும் இனிஷியலும் ஒத்துப்போகுதா? இதுலதான் பாதிப் பேர் மாட்டறாங்க. சான்றிதழ் இ-சேவையில பதிஞ்சா கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர்னு போய்த்தான் தாசில்தார்கிட்ட வரும், கடைசி நாளுக்கு முந்தின நாள் பதிஞ்சா கைக்கு வராது. அரசுப் பள்ளியில 6ல இருந்து 12 வரைக்கும் படிச்ச பசங்களுக்கு இன்ஜினியரிங் மாதிரி தொழிற்படிப்புல 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்குன்னு இன்னும் தெரியாத வீடு நிறைய.

காவிரிக்கரை (ஈரோடு)

ஒரு எச்சரிக்கை. ஓடிபி, பாஸ்வேர்டு எதையும் உதவி மேசையில இருக்கறவர் கேக்கவும் கூடாது, நோட்டுல எழுதவும் கூடாது. நூலகக் கம்ப்யூட்டர்ல சான்றிதழ் ஸ்கேனை இறக்கி வெச்சுட்டுப் போயிடறாங்க. தினம் மூடும்போது டவுன்லோட் ஃபோல்டரைக் காலி பண்ணிட்டு, தளத்துல இருந்து வெளியேறியாச்சான்னு பாக்கணும். அதே மாதிரி பசங்க போட்டோவைப் பேரோட வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க. போட்டோ எடுக்க சம்மதமான்னு உறுப்பினர் படிவத்தோட ஒரு வரி கையெழுத்து வாங்கிடுங்க.

பழைய அலமாரி (கோவை, ஓய்வு பெற்ற நூலகர்)

நூலகத்துக்கு வர முடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்க ‘நூலக நண்பர்கள்’ திட்டம் இருக்கிறது. உங்கள் மூன்று கல்லூரிப் பிள்ளைகள் அதில் தன்னார்வலராகப் பதிந்துகொள்ளட்டும். விடுகதை சொன்ன பாட்டிமார் பட்டியல் கையில் இருக்குமே, வீடு வீடாகத் தேட வேண்டியதில்லை.

பச்சமலை (கோபி)

எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டேனுங்க. பொருள் கணக்கு மட்டும் ஒருக்கா பாத்துச் சொல்லுங்க: தாள் 2 ரீம், கத்தரிக்கோல் 15, கறுப்புப் பேனா 30, கிரையான் 10 பெட்டி, குத்தூசி 3, மைதா 1 கிலோ.

நொய்யல் தெக்கால (திருப்பூர்)

தாள் 2 ரீம் சரி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 தாள்னு 900 போகும், 100 மிச்சம். கத்தரிக்கோல் முனை மழுங்கினதா வாங்குங்க. குத்தூசியைப் பசங்க கையில குடுக்க வேண்டாம், ஓட்டையைப் பெரியவங்களே குத்திக் குடுத்துடலாம், அதுக்கு 3 போதும். மைதா பசை 5 நாளைக்குத்தான் வேணும், அதனால கால் கிலோ போதும். மீதி முக்கால் கிலோவுக்குப் பதிலா பழைய நியூஸ் பேப்பர் ஒரு கட்டு கேளுங்க. தரையில விரிக்கலைன்னா பசை காஞ்ச தரையைக் கழுவறது நூலகர் தலையில விழும்.